டிரைவருக்கு யாரு எஃப்.சி. காட்டுறது?

கடைசி பெஞ்ச் / வாராவாரம்

போன வாரம் கேன்டீன் சாம்பாரைப் பத்தி எழுதினாலும் எழுதினேன், எங்க கேன்டீன் மாஸ்டர் என்னைப் பார்த்தாலே, "வாங்க ரிப்போர்ட்டர், இன்னிக்குப் பருப்பு தெரியுதான்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க"னு கலாய்க்கிறார். பருப்பு தெரியுது. எழுத்துக்கு இருக்கிற பவரே பவர்!

இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் சீரியஸ். ஆனா உங்க தினசரி வாழ்க்கையில இருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

காலையில ஏழு பத்துக்கு எங்க காலேஜ் பஸ். ஏழு பதினைஞ்சுக்கெல்லாம் உள்ளே இருக்கிற ஐம்பத்தஞ்சு பேர்ல ஐம்பத்துநாலு பேர் அவுட்! ஒருத்தன் ஜன்னல் கம்பியில தலையை முட்டிக்கிட்டு, ஒருத்தன் பக்கத்து சீட்காரன் தோளைத் தலகாணியாக்கிக்கிட்டு, லேப் ரெக்கார்டை எழுதிக்கிட்டே தூங்குற மகானுபாவர்கள்கூட உண்டு. முழிச்சிருக்கிற அந்த ஒரே ஜீவன் யாரு? டிரைவர் அண்ணன். மூணு வருஷமா நம்ம ஐம்பத்துநாலு உயிரையும் மடியில வெச்சுக்கிட்டுப் போறவர். அவர் பேர் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவருக்குக் கண்ணு சரியா தெரியுதா? அந்தக் கேள்வியே எனக்கு வந்தது கிடையாது. போன மே மாசம் வரைக்கும்.

மே மாசம் என்ன நடந்ததுன்னு சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டைப் பத்தி ரெண்டு வரி. எங்க அப்பா லாரி டிரைவர். நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். முட்டை லோடு, கோழித்தீவனம், வெங்காயம்னு இருபத்தாறு வருஷமா ஓட்டுறார். சேலம், தொப்பூர் கணவாய், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர்னு அந்த 44-ம் நம்பர் நெடுஞ்சாலைதான் அவருக்கு வீடு. எங்க வீட்டுக்கு வர்றதுதான் அவருக்கு ட்ரிப். அந்த ஸ்டியரிங் சம்பாத்தியத்துலதான் நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன்.

லாரிக்கு எஃப்.சி. திருவிழா

எங்க ஊர்ப் பக்கம் 'எஃப்.சி.'ன்னா சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட். எஃப்.சி. வந்துட்டா லாரி பட்டறைக்குப் போயிடும். டிங்கரிங், பெயின்ட், பிரேக் லைனிங், வயரிங், ஹெட்லைட், சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்னு புது மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் நடக்கும். ஓனர் வட்டிக்கு வாங்கியாவது செலவு பண்ணுவார். பண்ணித்தான் ஆகணும். எஃப்.சி. இல்லாம ரோட்டுல ஏறக் கூடாது. லாரிக்கு எட்டு வயசு ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. எட்டைத் தாண்டிட்டா வருஷா வருஷம். வயசாக ஆக கவனம் அதிகம் வேணும்கிற லாஜிக். சபாஷ்!

இப்போ அந்த லாரியை ஓட்டுற மனுஷனுக்கு வருவோம். அவருக்கும் ஒரு எஃப்.சி. இருக்கு, தெரியுமா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதுக்குக் கீழே வந்த 1989-ம் வருஷத்து மத்திய விதிகள். அதுல ரெண்டு ஃபார்ம்.

ஃபார்ம் 1: 'என் உடம்பு நல்லா இருக்கு'ன்னு டிரைவரே எழுதிக் கொடுக்கிற உறுதிமொழி. ஃபார்ம் 1ஏ: பதிவு பெற்ற டாக்டர் பரிசோதிச்சு, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டுத் தர்ற மெடிக்கல் சர்டிஃபிகேட். லாரி, பஸ் ஓட்டுறதுக்கான லைசென்ஸ் எடுக்கணும்னாலும் சரி, ரினியூவல் பண்ணணும்னாலும் சரி, இந்த 1ஏ கட்டாயம்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை? முன்னாடி மூணு வருஷம். 2019 சட்டத் திருத்தத்துல அது அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. அலைச்சல் குறையுது, நல்லதுதான். ஆனா கணக்குப் பாருங்க. ஒன்பது வயசு லாரிக்கு வருஷா வருஷம் செக்-அப். அதை ஓட்டுற ஐம்பத்தொரு வயசு அப்பாவுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணு. அதுவும் எப்படி நடக்குதுன்னு பார்க்கத்தானே போறோம்!

நான் போட்ட டிக்

அப்பாவோட லைசென்ஸ் ஜூன்ல முடியுது. வீட்டுல ஆன்லைன் மேட்டர் எல்லாமே நம்ம டிபார்ட்மென்ட். கரன்ட் பில், ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியோட ஆதார் வரைக்கும். ஸோ, ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல அப்பா வீட்டுல இருந்த ஒரு நாள், சாரதி வெப்சைட்டைத் திறந்து உட்கார்ந்தேன். கேள்விகளைச் சத்தமா படிச்சேன்.

"ராத்திரியில கண்ணு தெரியாத கோளாறு உண்டாப்பா?"

"இல்ல."

"சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்க முடியுமா?"

"முடியாமத்தான் இருபத்தாறு வருஷமா சிக்னல்ல நிக்கிறனா? அடுத்தது படி கண்ணு."

"வலிப்பு, திடீர்னு நினைவு தப்புறது, தலைசுத்தல் ஏதாவது..."

அப்பா சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டே, "இல்லைன்னு போடு"ன்னார்.

என் விரல் நின்னுடுச்சு. பொங்கல் லீவுல நான் வீட்டுல இருந்தப்போ, ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்தவர், சாப்பிடாம சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு திண்ணையில உட்கார்ந்திருந்தார். எந்திரிச்சவர் தூணைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சார். கை நடுங்குது, சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. அம்மா சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் கொடுத்த பிறகுதான் கண்ணு நிலைச்சுது.

"அப்பா, பொங்கலப்போ வந்ததே..."

"அது வெயிலு."

"தை மாசத்துல வெயிலா?"

"டேய், இல்லைன்னு போடுன்னா போடு. உண்டுன்னு போட்டா லைசென்ஸை நிறுத்திருவான். அப்புறம் உன் பீஸை எவன் கட்டுவான்?"

நான் 'இல்லை'ன்னு டிக் பண்ணேன்.

இதை எழுதுறதுக்கு எனக்கு வெட்கமாத்தான் இருக்கு. பரீட்சையில பிட் அடிச்சா நம்ம மார்க்கோட போச்சு. இந்த டிக்குல எதிர்ல வர்றவன் உயிரும் சேர்ந்திருக்கு. ஆனா அந்த நிமிஷம் என் கண்ணு முன்னாடி தெரிஞ்சது செமஸ்டர் பீஸ் சலான் மட்டும்தான்.

"டாக்டர் வர மாட்டார், கையெழுத்து வரும்!"

அடுத்தது ஃபார்ம் 1ஏ. அதை ஸ்கேன் பண்ணி ஏத்தினாத்தான் அப்ளிகேஷன் நகரும். லைசென்ஸ் வேலை எல்லாம் பார்க்கிற ஒரு கடைக்கு அப்பா கூட்டிட்டுப் போனார். ஜெராக்ஸ், இன்ஷூரன்ஸ், லேமினேஷன், கூடவே மெடிக்கல் சர்டிஃபிகேட்!

கடைக்காரர் டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டு ஃபார்ம், எல்லாத்துலயும் ஏற்கெனவே கையெழுத்து. எனக்கு ஒண்ணும் புரியல.

"அண்ணே, டாக்டர் எங்கே?"

"டாக்டர் வர மாட்டார் தம்பி, கையெழுத்து வரும்."

கண்பார்வை: நன்று. காது: நன்று. கை கால்: நன்று. கடகடன்னு எழுதுறார். போட்டோ மேல பாதி, பேப்பர் மேல பாதியா டாக்டர் கையெழுத்து விழணும்கிறது ரூல். அதையும் அவரே போட்டார். நடுவுல ஒரே ஒரு கேள்வி.

"மச்சம் எங்கே இருக்கு?"

"வலது முழங்கையில."

சட்டையை மடக்கிக் காட்டினார் அப்பா. அவர் உடம்புல அந்தக் கடை பரிசோதிச்ச ஒரே விஷயம் அந்த மச்சம்தான். முந்நூறு ரூபாய், மூணு நிமிஷம். அப்பா ஃபிட்!

சிரிப்பு வருதுல்ல? எனக்கும் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற வரைக்கும்.

பஸ் ஸ்டாண்டுல ஒரு ஓரமா நின்னோம். எதிர் வரிசையில ஒரு பஸ் வந்து நின்னுச்சு. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, ரொம்ப சாதாரணமா கேட்டார்: "அது எந்த ஊரு வண்டி கண்ணு?"

போர்டுல கொட்டை எழுத்துல 'திருச்செங்கோடு'ன்னு எழுதியிருக்கு. எனக்குத் திக்குன்னுச்சு. "ஒரு நிமிஷம்ப்பா"ன்னு சொல்லிட்டு அந்த பஸ் வரைக்கும் நடந்து போனேன். முப்பத்துமூணு எட்டு. என் எட்டு முக்கால் மீட்டர்னு வெச்சாலும் கிட்டத்தட்ட 25 மீட்டர்.

25 மீட்டர். கையில இருந்த ஃபார்மைப் பிரிச்சேன். அதுல இருக்கிற கேள்வி இதுதான்: நல்ல பகல் வெளிச்சத்துல, 25 மீட்டர் தூரத்துல இருக்கிற காரோட நம்பர் பிளேட்டை இவரால படிக்க முடியுமா? பக்கத்துல பேனாவால 'முடியும்'னு எழுதி, சீல் குத்தியிருக்கு. பஸ் போர்டே தெரியாத மனுஷனுக்கு!

25 மீட்டர் கணக்கு

இந்த இடத்துல இன்ஜினீயரிங் மூளை கொஞ்சம் வேலை செய்யட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 16.7 மீட்டர். எதிர்ல ஏதோ நிக்குதுன்னு பார்த்து, புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போறதுக்கு ஒரு செகண்ட்னு வெச்சுக்குங்க. அதுலயே 16.7 மீட்டர் காலி. அப்புறம் பிரேக். உராய்வுக் குணகம் 0.6-ன்னு போட்டா (காய்ஞ்ச ரோடு, நல்ல டயர்), வண்டி நிக்க இன்னும் 23.6 மீட்டர். மொத்தம் 40 மீட்டர்!

அதாவது, ஃபார்ம் கேட்கிற அந்த 25 மீட்டர் டெஸ்ட்ல பாஸ் ஆனாலே போதாது. அது ஸ்கூல்ல முப்பத்தஞ்சு மார்க் மாதிரி, ஜஸ்ட் பாஸ். அதுலயே ஃபெயில் ஆகுறவர் கையில, லோடு ஏத்தின லாரி, ராத்திரி நேரம், தொப்பூர் இறக்கம். யோசிச்சுப் பாருங்க. 2022-ம் வருஷத்துல மட்டும் நம்ம நாட்டுச் சாலை விபத்துகள்ல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசு அறிக்கையே சொல்லுது. இதுல கண்ணால வந்தது எத்தனை, தூக்கத்தால வந்தது எத்தனைன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த லிஸ்ட்ல டிரைவர்களும் இருக்காங்க. லாரியோட முன் கண்ணாடிக்குப் பின்னாடி முதல்ல உட்கார்ந்திருக்கிறது எங்க அப்பாதானே?

இன்னொரு விஷயம். அந்த ரெண்டு ஃபார்மையும் அன்னிக்குத்தான் ஒழுங்கா படிச்சேன். கண்ணு, காது, கை கால், வலிப்பு, நிறக்குருடு எல்லாம் கேட்கிறாங்க. சர்க்கரைக்கோ பி.பி.க்கோ தனிக் கேள்வி கிடையாது. 'ஆபத்து உண்டாக்கக்கூடிய வேற நோய் எதாவது இருக்கா?'ங்கிற கடைசிக் கேள்வியில அவங்களா சொன்னாத்தான் உண்டு. யாரு சொல்லுவா? சொன்னா சோறு போயிடும்கிற பயம் இருக்கிற வரைக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க.

கூடுதலா ஒரு தகவல். மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும் இருக்கிற சரக்கு வண்டியை, சாதாரண கார் லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களே ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிடுச்சு. நிறைய குடும்பங்களுக்கு அது நிம்மதி. ஆனா வயசு நாற்பதுக்குள்ள இருந்தா கார் லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் தேவையில்லை. ஸோ, நம்ம தெருவுக்குள்ள ஓடுற நிறைய லோடு வண்டிக்காரங்களை எந்த டாக்டரும் கேட்கப் போறதில்லை. அவங்களா கேட்டுக்கிட்டாத்தான்.

அப்பா பேசாத ஒன்றரை மணி நேரம்

"இந்த சர்டிஃபிகேட்டை நான் ஏத்த மாட்டேம்ப்பா"ன்னு பஸ் ஸ்டாண்டுலயே சொல்லிட்டேன்.

அப்பா திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. "நாளன்னிக்கு லோடு ஏத்தணும். ஓனர்கிட்ட என்னடா சொல்றது?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

மறுநாள் காலையில அம்மாதான் காப்பியைக் கையில கொடுத்துட்டு, "பையன் சொல்றான்ல, போயிட்டு வாங்க"ன்னாங்க. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எட்டு மணிக்கு சீட்டு வாங்கி, கண் டாக்டரைப் பார்க்கிறப்போ பதினொண்ணு. ஆறு மீட்டர் தள்ளி எழுத்து போர்டு. இடது கண்ணு பரவாயில்லை. வலது கண்ணுக்கு மேல் மூணு வரிக்குக் கீழே எல்லாம் பூச்சி. டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு டாக்டர் கேட்டாங்க: "ராத்திரி எதிர்ல வர்ற ஹெட்லைட் எப்படித் தெரியும்?"

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மெதுவா, "பூ மாதிரி விரியுமுங்க. ரெண்டு லைட்டு நாலா வரும். கொஞ்ச நேரம் ரோடே தெரியாது. அந்த நேரத்துக்கு ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டிக்குவேனுங்க."

ஃப்ரெண்ட்ஸ், இதை அவர் எத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தார்னு எனக்குத் தெரியல. நான் ஹாஸ்டல்ல நிம்மதியா தூங்கின ராத்திரிகள்ல அவர் வெள்ளைக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நாக்பூர் போயிருக்கார்.

வலது கண்ணுல கேட்டராக்ட் ஆரம்பம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கண்ணாடி போட்டாப் போதும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்னாங்க. அடுத்து சர்க்கரை. ரெண்டு வருஷமா மெடிக்கல் ஷாப்புல பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கார். அது சாப்பிடாம போட்டா சர்க்கரையைத் தடால்னு இறக்கிடுற ரகம். பொங்கலப்போ வந்தது வெயில் இல்லை, அதுதான். டாக்டர் மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டு, "இப்போ நான் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டேன். மூணு வாரம் மாத்திரை சாப்பிட்டு, கண்ணாடி போட்டுட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்"னாங்க.

மூணு வாரம்! ட்ரிப் இல்லை, படி இல்லை, சம்பளம் இல்லை. ஓனர் வேற டிரைவரைப் போட்டார். நான் காலேஜ் ஆபீஸ்ல போய் பீஸுக்கு ஒரு மாசம் டைம் கேட்டேன். நல்லது பண்ணா உடனே பூ மழை பெய்யும்னு சினிமாவுலதான் காட்டுவாங்க. எங்க வீட்டுல அந்த மூணு வாரமும் ரசமும் மௌனமும்தான்.

இருபத்திரெண்டாவது நாள் திரும்பப் போனோம். இந்தத் தடவை நிஜமான பரிசோதனை. கையை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, காதுக்குப் பின்னாடி நின்னு பேசி, கலர் புள்ளிப் புத்தகத்தைக் காட்டி... அதுக்கப்புறம்தான் கையெழுத்து. கூடவே, 'சர்க்கரை நோய், சிகிச்சையில் கட்டுப்பாட்டில் உள்ளது'ன்னு ஒரு குறிப்பும் தனியா கொடுத்தாங்க. நான் ஃபார்ம் 1-ஐத் திரும்பத் திறந்தேன். தலைசுத்தல் கேள்வியில 'ஆம்'. கடைசிக் கேள்வியில விவரம். லைசென்ஸ் ஆபீஸ்ல அப்பாவைக் கூப்பிட்டு ரெண்டு மூணு கேள்வி கேட்டாங்க. டாக்டர் குறிப்பைப் படிச்சாங்க. ரினியூவல் ஆயிடுச்சு. எல்லாருக்கும் இப்படியே சுமுகமா முடியும்னு நான் கேரன்ட்டி தர முடியாது. ஆனா நாங்க பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கல.

பிடிக்கிறதுக்கா, சரி பண்றதுக்கா?

இந்த மேட்டர்ல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். அந்த சர்டிஃபிகேட்டை நம்மாளுங்க எல்லாருமே ஒரு கேட்டு மாதிரிதான் பார்க்கிறாங்க. தாண்டிட்டாப் போதும். ஆனா லாரிக்கு எஃப்.சி. காட்டுறப்போ பிரேக் சரியில்லைன்னா லாரியை உடைச்சா போடுறாங்க? லைனிங் மாத்திட்டுக் கொண்டுவாங்கிறாங்க. அதே நியாயம் டிரைவருக்கும் வேணும். அப்பாவோட ரிப்பேர் மொத்தமே ஒரு கண்ணாடி, வேற மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு. ஒரு டயர் விலைகூட ஆகல!

ரூல்ஸும் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறத்தான் செய்யுது. எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் இருக்கான். லேப்ல ரெசிஸ்டர் கலர் கோடைத் தப்புத் தப்பா படிச்சு சர்க்யூட்டைப் புகைய விடுவான். நாங்க அவனை ஓட்டாத ஓட்டு இல்லை. கடைசியில பார்த்தா, பாவம், அவனுக்கு லேசான நிறக்குருடு! முன்னாடி சிவப்பு, பச்சை பிரிக்கத் தெரியலைன்னா லைசென்ஸே சிக்கல். 2020 ஜூன்ல மத்திய அரசு ஃபார்மையே மாத்தி, லேசான, நடுத்தர அளவு நிறக்குருடு இருக்கிறவங்களுக்கு வழி விட்டிருக்கு. நிஜத்தைச் சொன்னாலும் வாழலாம்னு ஒரு வழி இருந்தா மனுஷங்க நிஜத்தைச் சொல்லுவாங்க. வழியே இல்லைன்னா முந்நூறு ரூபாய்க் கடைதான்.

ஓனர்கள் நினைச்சா வருஷத்துக்கு ஒரு நாள், லாரி பட்டறையில நிக்கிற அதே வாரத்துல, டிரைவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அன்னிக்குச் சம்பளம் பிடிக்காம! காலேஜ் நிர்வாகமும் பஸ் டிரைவர் அண்ணன்களுக்கு அதைப் பண்ணலாம். கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் பிடிக்கத் தெரிஞ்ச நமக்கு, என்.எஸ்.எஸ். மூலமா ஒரு கண் முகாம் நடத்தத் தெரியாதா?

உங்க வீட்டுலயும் ஒரு டிரைவர் இருக்காரா?

* டிரைவிங் லைசென்ஸ் முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரினியூவலுக்கு அப்ளை பண்ணலாம். கடைசி வாரம் ஓடினாத்தான் கடை சர்டிஃபிகேட் ஆசை வரும். முன்னாடியே டாக்டரைப் பாருங்க.

* பஸ் ஸ்டாண்டு டெஸ்ட் நீங்களே பண்ணலாம். 25 மீட்டர் தள்ளி நிக்கிற நம்பர் பிளேட்டை, ஒவ்வொரு கண்ணா மூடிப் படிக்கச் சொல்லுங்க. தடுமாறினா கண் டாக்டர்.

* எதிர் லைட் விரியுது, ரெண்டா தெரியுதுன்னா வயசு மேல பழி போடாதீங்க. காட்டுங்க.

* சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவர்னா, ஓட்டுற நேரத்துக்கும் சாப்பாட்டுக்கும் தகுந்த மாதிரி மாத்திரை எதுன்னு டாக்டர்கிட்ட தெளிவா கேளுங்க. வேர்வை, நடுக்கம், கண் மங்கல் வந்தா உடனே வண்டியை ஓரம் கட்டணும். மூணு நாலு ஸ்பூன் சர்க்கரை, பதினைஞ்சு நிமிஷம் ஓய்வு. சரியாகாம ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

* பயங்கரமா குறட்டை விட்டுட்டு, பகல்லயும் கண் சொக்குறாரா? அதுவும் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்தான்.

* ஓட்டுற நிலைமையில உடம்பு இல்லைன்னு தெரிஞ்சே ஓட்டினா சட்டப்படி குத்தம். முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அதைவிடப் பெரிய அபராதம் எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

லாரி, பஸ் ஓட்ட சட்டப்படி குறைஞ்சபட்ச வயசு இருபது. எனக்கும் இப்போ இருபது. அப்பாவோட இடத்துல என்னை வெச்சு அடிக்கடி யோசிக்கிறேன். பையன் பீஸா, கண்ணா? நானும் 'இல்லைன்னு போடு'ன்னுதான் சொல்லியிருப்பேனோ?

அப்பா இப்போ கண்ணாடியோட ஓட்டுறார். கிளீனர் பையன் அவரை 'வாத்தியாரே'ன்னு கூப்பிடுறானாம். சட்டைப் பையில குளுக்கோஸ் பாக்கெட். போன வாரம் நாக்பூர் ரோட்டுல இருந்து ராத்திரி பத்தரைக்குப் போன். வழக்கமா 'சாப்பிட்டியா, வெச்சிடட்டா' அவ்வளவுதான் பேசுவார். அன்னிக்கு மட்டும் கொஞ்சம் நிறுத்திட்டு, "கண்ணு, இந்த ரோட்டுல ஊர் பேரெல்லாம் இவ்ளோ தூரத்துலயே எழுதி வெச்சிருக்கானா? இத்தனை நாளா கிட்டப் போனாத்தான் தெரியும்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்"னார்.

காலேஜ் பஸ் டிரைவர் அண்ணன் பேரும் இப்போ எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். நாளைக்குக் காலையில தூங்குறதுக்கு முன்னாடி, உங்க பஸ் அண்ணன் பேரை நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. அப்படியே, "கண்ணு செக் பண்ணி எத்தனை நாளாச்சுண்ணே?"ன்னும் கேளுங்க.

அடுத்த வாரம்: அரியர் பேப்பரும் ஆஞ்சநேயர் கோயில் வடமாலையும். வரட்டா?